உடம்புக்குள் ஒரு முப்புரிக் கயிறு



திருச்செந்தூர் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? வந்தவர்கள் கடலில் குளித்திருப்பீர்கள், நாழிக்கிணற்றில் நீராடியிருப்பீர்கள், சுக்குக் கருப்பட்டியும் வாங்கியிருப்பீர்கள். அடுத்த முறை வரும்போது கோயிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அமலி நகர் பக்கம் போய்ப் பாருங்கள். மணலில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படகிலும் கயிறு சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கயிற்றில் ஒன்றை, உரியவரிடம் கேட்டுவிட்டு, கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்.

தென்னை நாராக இருந்தாலும் சரி, நைலானாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவது தெரியும். இன்னும் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு புரியும் தனக்குள் ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். மூன்று புரியும் சேர்ந்து முறுக்கியிருப்பதோ அதற்கு எதிர்ப்பக்கம்! இந்த எதிர்முறுக்குதான் கயிற்றின் சூட்சுமம். புரி பிரியப் பார்த்தால் கயிறு இறுகும். கயிறு பிரியப் பார்த்தால் புரி இறுகும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும்.

இதே போன்ற முப்புரிக் கயிறு உங்கள் உடம்புக்குள் கோடி கோடியாக இருக்கிறது. தோலில், எலும்பில், பல்லில், தசையை எலும்போடு கட்டும் தசைநாணில், எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்தக் கயிற்றுக்குக் ‘கொலாஜன்’ என்று பெயர். அது ஒரு புரதம். நம் உடம்பிலுள்ள புரதம் முழுவதையும் எடை போட்டால் கால் பங்குக்கு மேல் இது ஒன்றுதான். குதிகாலுக்கு மேலே கெட்டியாக ஒரு நாண் தட்டுப்படுகிறதா? தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை நீங்கள் குதிக்கும்போதும் உங்கள் எடையைப் போலப் பல மடங்கு இழுவையை அது தாங்குகிறது.

அது முப்புரிக் கயிறுதான் என்று கண்டுபிடித்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் தெரியுமா? நம் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். வருடம் 1954. கண்டுபிடித்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் ஆராய்ச்சி செய்த கோபிநாத் கர்த்தாவும்.

கணித ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி கேரளத்தில் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘ஜி’ கோபாலசமுத்திரம் என்ற ஊர்ப்பெயரைக் குறிக்கும். (நம் தாமிரபரணிக் கரையிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருப்பது திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குத் தெரியும்.) ‘என்’ என்பது அப்பா நாராயண ஐயர். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பிறகு முதல்வர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் பிள்ளை தப்ப முடியுமா?

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் மனம் முழுவதும் இயற்பியலில். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி. ராமன். இந்தப் பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த ராமன், அவரைத் தன் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் போய் இரண்டு வருடத்தில் இன்னொரு டாக்டர் பட்டம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையை நடத்த ஆள் தேடியபோது முதலில் ராமனைத்தான் கேட்டார்கள். ராமன் தான் வராமல் ராமச்சந்திரனைக் கைகாட்டினார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் ஒப்புக்கொண்டார். துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான்!

புதிய துறை, புதிய கருவிகள். எதை ஆராய்வது? அந்தச் சமயம் பார்த்து ஜே.டி. பெர்னால் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்கில், கொலாஜனின் வடிவம் மட்டும் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை, பலர் சொன்ன வடிவங்களும் சரியாக இல்லை என்றார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜனுக்கு எங்கே போவது? அதற்கு அலைய வேண்டியதே இல்லை. கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து அவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கங்காருவின் வால் நரம்பு! சரியாகச் சொன்னால் வால் தசைநாண். சிரிக்காதீர்கள். அதில் கொலாஜன் கலப்பில்லாமல் இருக்கும். இழைகளும் சீவிவிட்ட தலைமுடி போல ஒரே திசையில் படிந்திருக்கும். படம் எடுக்க அதைவிட வசதியான பொருள் கிடைக்காது.

குடைத்துணி வழியே தெருவிளக்கு

‘படம் எடுக்க’ என்றேன். எப்படி எடுப்பது? இந்தக் கயிற்றின் தடிமன் தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. அதற்கு எக்ஸ் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கை உடைந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே மாதிரி அல்ல.

இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரியட்டும். கறுப்புக் குடையை விரித்து, துணி வழியாக அந்த விளக்கைப் பாருங்கள். (சூரியனை ஒருநாளும் இப்படிப் பார்க்கக் கூடாது. லேசர் விளக்கையும்தான்.) விளக்கு ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றிக் கூட்டல் குறி போல வரிசை வரிசையாக ஒளிப்புள்ளிகள் தெரியும். குடையைக் கொஞ்சம் திருப்பினால் புள்ளி வரிசையும் கூடவே திரும்பும். துணியில் குறுக்கும் நெடுக்குமாக இழைகள் ஒரே இடைவெளியில் ஓடுகின்றன அல்லவா? அந்த இடைவெளிகள் ஒளியைச் சிதறடித்துப் போடும் கோலம் அது. கோலத்தைப் பார்த்தே, துணியைத் தொடாமலே, இழைகள் எந்தத் திசையில் போகின்றன, எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம்.

எக்ஸ் கதிர் அணுக்களின் வரிசைக்கு இதையே செய்கிறது. கோலம் ஃபிலிமில் விழுகிறது. அதைப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன வடிவம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

சுருளாக இருந்தால் கோலம் எப்படி இருக்கும்? பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்த கோடுகள் இரண்டு வகை தெரியும். முன்பக்கத்துக் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பின்பக்கத்துக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வகைக் கோடும் தனக்குக் குறுக்காகக் கதிரைச் சிதறடிக்கும். இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி போல ஒரு கோலம்! 1952இல் லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் எடுத்த டி.என்.ஏ. படத்தில் இந்தப் பெருக்கல் குறி பளிச்சென்று விழுந்தது. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்பதற்கு அது பெரிய சாட்சி.

புரதத்திலும் சுருள் உண்டு என்று அதற்கு முன்பே சொன்னவர் அமெரிக்காவின் லைனஸ் பாலிங். அவர் கண்டுபிடித்த விதம் உங்களுக்குப் பிடிக்கும். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்தபோது ஜலதோஷம் பிடித்துப் படுத்துவிட்டார். துப்பறியும் கதை படித்துச் சலித்துப்போய், ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து, தாளை மடித்தும் சுருட்டியும் பார்த்தார். ஒரு விதமாகச் சுருட்டியபோது கீழ்ச்சுற்றில் உள்ள அணுவும் மேல்சுற்றில் உள்ள அணுவும் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய கொக்கி போட்டுக்கொள்ள வாகாக வந்தன. அதுதான் ‘ஆல்ஃபா சுருள்’. 1951இல் உலகுக்குச் சொன்னார். நம் தலைமுடியிலும் நகத்திலும் இருப்பது இந்தச் சுருள்தான். அதில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியின் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லாம் ஒரு சுற்றுக்கு மூன்று அல்லது நான்கு என்று முழு எண்ணாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். முழு எண்ணாக ஏன் இருக்க வேண்டும் என்று பாலிங் கேட்டார். அங்கேதான் ஜெயித்தார்.

சிவப்புப் படிகள்

கொலாஜன் மட்டும் ஆல்ஃபா சுருளுக்குள் அடங்கவில்லை. அதன் எக்ஸ் கதிர்க் கோலமே வேறு. ராமச்சந்திரனுக்கும் கர்த்தாவுக்கும் கிடைத்த முக்கியமான துப்பு வேதியியலில் இருந்து வந்தது. கொலாஜனைப் பிரித்துப் பார்த்தால் அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு ‘கிளைசின்’. இருபது வகை அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது கிளைசின். மற்றவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்கு வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும்தான்.

மூன்றில் ஒன்று சின்னது. அப்படியானால் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருக்குமோ? ஏன் அப்படி?

ஒரு சுழல் படிக்கட்டைக் கற்பனை செய்யுங்கள். ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று படி. ஒவ்வொரு மூன்றாவது படிக்கும் சிவப்பு வர்ணம் அடியுங்கள். சிவப்புப் படிகள் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் வரும் அல்லவா? இப்போது இப்படி மூன்று படிக்கட்டுகளை, சிவப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி நெருக்கி நிறுத்துங்கள். நடுவில் இடமே இருக்காது. அந்த நெருக்கடியில் சின்னவனான கிளைசின் மட்டும்தான் புக முடியும். கிளை வைத்திருக்கும் பெரியவர்கள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஊர்த் திருவிழாவுக்குப் போகும் வேனில் நடுவில் சிறுபிள்ளையைச் செருகுவது போல!

இதுதான் 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முதல் வடிவம். மூன்று சுருள்கள், மூன்று தூண்கள் போலப் பக்கத்தில் பக்கத்தில். நல்ல வடிவம். ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. எக்ஸ் கதிர்க் கோலத்தை மேலும் கணக்குப் போட்டபோது ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று இல்லை, சுமார் 3.3 என்று வந்தது.

அதனால் என்ன? சின்ன வித்தியாசம்தானே என்கிறீர்களா? மறுபடி படிக்கட்டுக்கு வாருங்கள். ஒரு சுற்றுக்கு மூன்றுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகப் படிகள் இருந்தால், மூன்று படி ஏறியும் ஒரு சுற்று முடியாது. எனவே அடுத்த சிவப்புப் படி நேர் மேலே வராமல் கொஞ்சம் நகர்ந்து வரும். அதற்கடுத்தது இன்னும் நகரும். சில சுற்றுகளில் சிவப்பு வெளிப்பக்கம் போய்விடும். கிளை வைத்த பெரியவர் நெருக்கடியான நடுவில் வந்து மாட்டிக்கொள்வார். கட்டடமே இடிந்த மாதிரிதான்.

நிலா சொன்ன யோசனை

இங்கே ராமச்சந்திரனுக்குக் கைகொடுத்தது நிலா.

நிலா பூமியைச் சுற்றுகிறது. ஆனால் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. பௌர்ணமியன்று திருச்செந்தூர்க் கடலில் இருந்து எழும் நிலாவில் எந்த மாதத்தில் பார்த்தாலும் அதே கறைகள்தான் தெரியும். அப்படியானால் நிலா தன்னைத் தானே சுற்றவில்லை என்று நினைப்பீர்கள். தவறு. பூமியை ஒருமுறை சுற்றி வரும் அதே நேரத்தில் தன்னைத் தானே சரியாக ஒருமுறை சுற்றிக்கொள்கிறது.

நம்பவில்லையா? கோயிலைப் பிரதட்சிணம் வரும்போது கவனியுங்கள். உங்கள் வலத்தோள் எப்போதும் சந்நிதிப் பக்கமே இருக்கும். ஆனால் உங்கள் முகம்? ஒரு பக்கத்தில் நடக்கும்போது கடலைப் பார்த்தீர்கள். திரும்பி நடக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டினீர்கள். மற்ற இரு பக்கங்களில் வடக்கையும் தெற்கையும் பார்த்தீர்கள். ஆக, ஒரு வலம் வந்து முடிக்கையில் நீங்களே ஒருமுறை முழுதாகச் சுழன்றிருக்கிறீர்கள்!

இதை அப்படியே சுருளுக்குப் பொருத்தினார் ராமச்சந்திரன். சிவப்புப் படி நகர்ந்து போகிறதா? போகட்டும். அது எந்த அளவு நகர்கிறதோ அந்த அளவுக்குச் சுருளையே நடு அச்சைச் சுற்றி வலம் வரச் செய்துவிட்டால்? கிளைசின் எப்போதும் நடுவைப் பார்த்தபடியே இருக்கும், நிலா பூமியைப் பார்ப்பது போல! அதாவது மூன்று சுருள்களும் தூண்களாக நேரே நிற்காமல், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். முறுக்கிய புரிகள் மூன்றைச் சேர்த்து மறுபடி முறுக்க வேண்டும்.

என்ன, படகுக் கயிறு நினைவுக்கு வருகிறதா? அதேதான். இந்தத் திருத்திய வடிவத்தை 1955இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் எதிர்முறுக்கு உடம்பிலும் இருக்கிறது.

இந்தக் கயிற்றின் நீளமும் தடிமனும் என்ன? ஒரு செண்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். கொலாஜன் மூலக்கூறின் தடிமன் சுமார் 15 ஆங்ஸ்ட்ராம், நீளம் சுமார் 3,000 ஆங்ஸ்ட்ராம். ஒரு செண்டிமீட்டர் தடிமனுள்ள கயிறாக அதைப் பெரிதாக்கினால் நீளம் இரண்டு மீட்டர் இருக்கும். இப்படிப்பட்ட கயிறுகளை வரிசையாக அடுக்கித்தான் தோலும் தசைநாணும் ஆகின்றன.

வலமா, இடமா?

வலச்சுருள், இடச்சுருள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வலக் கைப் பெருவிரலை நிமிர்த்தி, மற்ற நான்கு விரல்களை மடக்குங்கள். விரல்கள் மடங்கும் திசையில் சுற்றிக்கொண்டே, பெருவிரல் காட்டும் பக்கம் நகர்ந்தால் அது வலச்சுருள். வீட்டிலுள்ள திருகாணியில் பார்த்துக்கொள்ளுங்கள், அது வலச்சுருள். திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வலச்சுருள்தான். கண்ணாடியில் பார்த்தால்தான் இடச்சுருளாகத் தெரியும்.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கு ஒரு வேடிக்கை செய்கிறது. நம் கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் சங்கை, கூரான சுருள் முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். விரல் கணக்குப்படியும் அது வலச்சுருள். ஆனால் நாம் அதை இடம்புரி என்கிறோம்! லட்சத்தில் ஒன்று என்று தேடி அலையும் ‘வலம்புரிச் சங்கு’தான் உண்மையில் இடச்சுருள். காரணம் எளிது. நம்மவர்கள் சங்கைப் பிடிப்பது சுருள் முனை கீழே இருக்கும்படி. அப்படிப் பிடித்தால் வாய் இடம் மாறிவிடும். பெயர் பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது, சுருள் மாறவில்லை. அதனால்தான் சங்கின் பெயரை நம்பாமல் விரலை நம்புங்கள் என்கிறேன்.

எதிர்முறுக்கையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் சணலை எடுத்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்து ஒரே பக்கமாக முறுக்குங்கள், இனி முறுக்க முடியாது என்னும் வரை. பிறகு விறைப்பு விடாமல் சரிபாதியாக மடித்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மடிப்பைக் கைவிடுங்கள். சணல் தானாகவே சுழன்று இரட்டைப் புரியாகும். எந்தப் பக்கம் முறுக்கினீர்கள், அது எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டது என்று விரல் கணக்கு வைத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கேம்பிரிட்ஜில் இருந்து ஓர் எதிர்ப்பு

சென்னைக் கண்டுபிடிப்பை உலகம் உடனே கொண்டாடிவிடவில்லை. 1955இலேயே கேம்பிரிட்ஜில் இருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆம், டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன அதே கிரிக். மூன்று சுருள் முறுக்கிக்கொள்வது சரி, ஆனால் சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயற்கையில் முடியாது என்றார்கள். சங்கிலிகளுக்கு நடுவே மூன்று மணிக்கு இரண்டு ஹைட்ரஜன் கொக்கிகள் என்றது சென்னை. ஒன்றுதான் என்றது கேம்பிரிட்ஜ்.

உலகப் புகழ் பெற்ற ஒருவர் தவறு என்றால் நமக்கு எப்படி இருக்கும்? கோபம் வரும், அல்லது சோர்வு வரும். ராமச்சந்திரனுக்குக் கோபம் வந்ததோ என்னவோ, அவர் செய்த வேலைதான் முக்கியம். அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? இதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை என்பதைக் கவனித்தார். அதுவரை தெரிந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டினார்கள். எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வர முடியும் என்று பட்டியல் போட்டார்கள். பிறகு வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்: புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம்?

உங்கள் முழங்கையைப் பாருங்கள். முன்னால் மடங்கும், பின்னால் மடங்காது. புரதச் சங்கிலியிலும் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மூட்டுகள் உண்டு. இரண்டும் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது; திரும்பினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும். ஒரு மூட்டின் கோணத்தைக் குறுக்கேயும் இன்னொன்றின் கோணத்தை நெடுக்கேயும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். எந்தெந்தக் கோணங்கள் முட்டாமல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். மேசை மேல் இன்றைய கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது! முடிவில் சதுரத்தின் பெரும் பகுதி ‘அனுமதி இல்லை’ என்று காலியாகிவிட்டது. சில சிறிய தீவுகள் மட்டும் மிஞ்சின. ஒரு தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள். இன்னொரு தீவில் கொலாஜன் சுருள். 1963இல் வெளிவந்த இந்தப் படத்துக்கு ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று பெயர். இன்று உலகில் எந்த மூலையில் புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். புரத வடிவத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்துச் சொல்லும் முறைக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படி ஊகித்த வடிவங்களையும் இதில் சோதிக்கிறார்கள்.

சரி, சண்டையில் யார் பக்கம் நியாயம்? 1994இல் அமெரிக்காவில் கொலாஜன் மாதிரியைப் படிகமாக்கி, அணு அணுவாகத் துல்லியமாகப் படம் எடுத்தார்கள். முப்புரிக் கயிறு அப்படியே இருந்தது. நேரடியான ஹைட்ரஜன் கொக்கி மட்டும் மூன்று மணிக்கு ஒன்றுதான். அதில் கிரிக் சொன்னது சரி. கயிற்றைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நின்று கூடுதல் கொக்கி போட்டுக்கொண்டிருந்தன. ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம், என்னுடையதும்தான். அவர் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். கர்த்தா அமெரிக்கா போய், 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரானார். கங்காரு வால் கொடுத்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கு ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’, அதாவது முச்சுருள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கயிறு அவிழ்ந்தால்

இந்தக் கயிறு அவிழ்வதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். ஆட்டுக்கால் சூப்பை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்களே, ஏன்? வெந்நீரில் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள முப்புரி பிரிந்து தனித்தனி இழையாகக் கரைகிறது. மிச்ச சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அல்வா மாதிரி உறைந்திருக்கும். பிரிந்த இழைகள் குளிரில் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலை போல நின்றுவிடுகின்றன. அதுதான் ஜெலட்டின். மாத்திரைக் கேப்சூல்களில் பெரும்பாலானவை அதில் செய்தவையே. தோல் பதனிடுபவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் போட்டால், பட்டையில் உள்ள பொருள் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவே போய்க் கட்டிவிடும். பிறகு தோல் அழுகாது, செருப்பாகிறது.

உயிரோடு இருப்பவர் உடம்பிலேயே கயிறு அவிழ்ந்தால்? பழைய காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு அப்படித்தான் ஆனது. ஈறில் இரத்தம் கசியும், பல் ஆடும், எப்போதோ ஆறிய காயம்கூடத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற அந்த நோயில் ஏராளமானோர் இறந்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தவர்கள் சீக்கிரம் தேறியதைக் கண்டார். ஏன் என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கொலாஜனில் கிளைசினுக்கு அடுத்து அதிகம் இருப்பவற்றில் ஒன்று புரோலின். அதன் மீது உடம்பு ஒரு சின்ன மாற்றம் செய்தால்தான் கயிறு நம் உடல் சூட்டில் பிரியாமல் நிற்கும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு திரிக்கும் புதுக்கயிறு உடம்பின் சூட்டிலேயே தளர்ந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் விற்கும் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அது நிறைய இருக்கிறது.

இன்னொரு நோயும் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு முறுக்கு மாதிரி நொறுங்கும். தும்மினால்கூட விலா எலும்பு உடைவதுண்டு. பலருக்கு என்ன காரணம் என்று தேடிப் பார்த்ததில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் கொண்ட சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வேறொரு பெரிய அமினோ அமிலம் உட்கார்ந்திருந்தது. நடுவில் அவருக்கு இடம் இல்லை. அந்த இடத்தில் கயிறு புடைத்துக்கொண்டுவிட்டது.